வாடகை பாக்கியும் மறுமைக் கணக்கும்



வீட்டை அல்லாஹுத்தஆலா தன் அருட்கொடைகளில் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறான். மனிதன் இளைப்பாறி நிம்மதி பெறும் இடமாக அதை ஆக்கியிருப்பதை ‘அந்நஹ்ல்’ அத்தியாயம் நினைவூட்டுகிறது. அநியாயமாக மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றுவதை, இரத்தம் சிந்துவதோடு சேர்த்தே ‘அல்பகரா’ அத்தியாயம் கண்டிக்கிறது. இது எத்துணைப் பெரிய எச்சரிக்கை!

நம் பிளவக்கல் அணைக்கு நீர் தரும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், தெற்கே நெல்லைச் சீமையில் இருக்கிறது மாஞ்சோலை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மலையில் தேயிலைத் தோட்டம் எழுந்தது. தோட்டத்து லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் வாழ்ந்தனர். 2028-ல் குத்தகை முடியவிருக்க, 2024-லேயே விருப்ப ஓய்வென்று வேலை முடிக்கப்பட்டு, வீட்டையும் காலி செய்யும்படி சொல்லப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. குத்தகைக் கணக்கு சரியாகவே இருக்கலாம். காடு காக்கப்பட வேண்டியதும் உண்மையே. ஆனால் மலையிலேயே பிறந்து முதுமையடைந்தவர் கீழே இறங்கி எங்கே போவார்?

பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-ல் உச்சநீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. அகற்றும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் மழைக்காலம் கழியும்வரை பொறுக்கச் சொன்னது.

சகோதரர்களே! இதையெல்லாம் கேட்டு, அரசாங்கத்தையும் கம்பெனிகளையும் குறை கூறிவிட்டு நாம் எழுந்துபோய்விடலாகாது. நம் மஹல்லாக்களிலும் பள்ளிவாசலுக்குச் சொந்தமான வக்ஃபு வீடுகள் உள்ளன. அவற்றிலும் ஏழைகள் குடியிருக்கிறார்கள். வக்ஃபு சட்டத்தில் 2013-ல் செய்த திருத்தத்தின்படி, வாடகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் ஆக்கிரமிப்பாளர் எனக் கருதப்படுவார். வக்ஃபு சொத்தைக் காக்க அவசியமான சட்டமே இது. எனினும், கடைத்தெருவில் பழைய அற்ப வாடகைக்குக் கடையைப் பிடித்துக்கொண்டு செழிப்பவரும், ஆறு மாத பாக்கியோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் விதவையும் ஒன்றாவார்களா?

மார்க்கம் இருவரையும் பிரித்தே பார்க்கிறது. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். சிரமத்திலிருக்கும் கடனாளிக்கோ, வசதி வரும்வரை தவணை தரும்படி திருமறை கட்டளையிடுகிறது. தள்ளுபடி செய்வது இன்னும் சிறந்தது என்றும் கூறுகிறது.

முத்தவல்லி கேட்பார்: “தவணை தரலாம், ஹஜ்ரத். தள்ளுபடி செய்ய இது என் சொந்தப் பணமா? வக்ஃபின் அமானிதமாயிற்றே!” நியாயமான கேள்வி. வக்ஃபின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர் என்பதை நாம் மறந்துவிட்டோமா? மஹல்லாவின் செல்வந்தர்கள், கட்ட வழியில்லாத அந்த ஏழைக்குத் தம் ஜகாத்தைக் கொடுக்கட்டும். அதை அவர் கையிலேயே கொடுத்து அவருக்கு உடைமையாக்க வேண்டும். அவர் தம் பாக்கியைத் தாமே செலுத்துவார். வக்ஃபின் வருமானமும் நிலைக்கும். ஏழையின் கூரையும் நிலைக்கும். கொடுத்தவரின் கடமையும் நிறைவேறும்.

குடியிருப்பவர் பிற சமயத்தவராயின் ஜகாத் அல்லாத ஸதகாவிலிருந்து உதவலாம். யாசித்து நின்ற முதிய யூதர் ஒருவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கச் செய்தவர்கள் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அல்லவா?

ஆகவே, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் எழுதுமுன் ஜமாஅத்தார் அந்த வீட்டுக்கு ஒருமுறை நேரில் செல்லட்டும். பாக்கி எவ்வளவு, முடையா முரண்டா, வெளியேறினால் போக்கிடம் உண்டா என்று விசாரிக்கட்டும். முரண்டு பிடிப்பவரிடம் சட்டம் பேசட்டும். முடையிலிருப்பவரிடம் ஜகாத் பேசட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எந்தக் குடும்பத்தின் பாத்திரமும் பாயும் தெருவுக்கு வரவேண்டாம்.

மதீனாப் பள்ளியில் வீடற்ற ஸஹாபாக்களுக்காகத் திண்ணையொன்று இருந்தது. அந்தப் பள்ளியின் வழிவந்தவை நம் பள்ளிவாசல்கள். அவற்றின் பெயரால் ஓர் ஏழை தெருவில் நிற்கலாமா?

யா அல்லாஹ்! எங்கள் கையிலுள்ள சாவிகளைக் குறித்து மறுமையில் நீ கேட்கும்போது, தயங்காமல் பதில் சொல்லும் பாக்கியத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.