குடிநீரும் அமானிதமும்

அரபு மொழியில் அச்சமற்ற நிலையைக் குறிக்கும் ‘அம்னு’ என்னும் சொல்லும், ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருளைக் குறிக்கும் ‘அமானத்’ என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பின்னதையே நாம் ‘அமானிதம்’ என்று வழங்கி வருகிறோம். பாதுகாப்பும் நம்பிக்கையும் ஒரு வேரின் இரு கிளைகள் என்னும் உண்மை, பொதுக் குடிநீரைப் பற்றி எண்ணும்போது நன்கு விளங்கும்.

தன் கிணற்று நீரைப் பருகுபவன் அதன் நன்மை தீமைகளைத் தானே ஆராயலாம். ஊர்க் குழாயைத் திறப்பவனோ, தான் கண்டறியாத ஒருவரிடம் தன் மக்களின் உயிரை ஒப்படைக்கிறான். ‘இந்நீர் நல்லது’ என்னும் அவருடைய சொல்லே அவனுக்குத் துணை. அச்சொல்லை அவர் ஆராயாமலே கூறிவிட்டால், அது பொய்யாகுமா? தீய எண்ணம் இல்லாதபோது அது வெறும் தவறுதானே என்பர் சிலர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் என்றொரு நகர் உண்டு. 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கும் பொருட்டு, டெட்ராய்ட்டிலிருந்து வந்த நீரை நிறுத்தி, பிளின்ட் ஆற்று நீரைக் குழாய்களில் விட்டனர். உலோகத்தை அரிக்கும் இயல்புடைய அந்நீரில் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் நீரில் கலந்தது. நீர் கலங்கி நாறுகிறது என்று மக்கள் முறையிட்டனர். ‘அஞ்சற்க’ என்று அதிகாரிகள் விடை பகர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, இந்நீர் தன் உறுப்புகளை அரிக்கிறதென்று கூறி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு பருகினர். 2015 செப்டம்பரில் மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதைக் காட்டினார். முதலில் அவரையும் மறுத்தனர். அக்டோபரில்தான் பழைய நீர் திரும்பி வந்தது.

நீரின் மாற்றத்தை நிறம், சுவை, வாடை என்னும் மூன்று குணங்களால் அறிவது ஃபிக்ஹு நூல்கள் காட்டும் வழி. நீரில் கரைந்த ஈயமோ இம்மூன்றிலும் அகப்படாது, காய்ச்சினாலும் அகலாது. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும் அந்நஞ்சுக்குத் தீங்கற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை. புலன்கள் கைவிடும் இடத்தில் சோதனைச் சாலையே கண். அக்கண் யாரிடம் உள்ளதோ, அவரையே பொறுப்பும் சேரும்.

‘நல்லது’ என்னும் சொல்லில் இரு கூற்றுகள் அடங்கியுள்ளன. ஒன்று நீரைப் பற்றியது; மற்றொன்று, ‘நான் ஆராய்ந்து அறிந்தேன்’ என்று சொல்பவனைப் பற்றியது. நீர் தற்செயலாக நல்லதாகவே இருந்துவிடினும், ஆராயாதவன் வாயில் இரண்டாம் கூற்று பொய்யே.

‘உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைவரே’ என்று வாதிடுவோர் உளர். அஞ்சியவன் வேறு நீரைத் தேடுவான். பொய்யாகத் தேற்றப்பட்டவனோ அதையே தன் பிள்ளைக்குப் புகட்டுவான். ஆகவே, ‘இன்னும் அறியோம், ஆராயும்வரை பருகாதீர்’ என்பதே அமானிதம் பேணுபவரின் சொல்.

பிளின்ட்டில் ஈயக் குழாய்களை மாற்றும் பணி 2025இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் குழாய் நீரை நம்ப மறுப்போர் அங்கு இன்றும் உள்ளனர். குழாயைப் புதிதாக வாங்கிப் பதிக்கலாம். இழந்த நம்பிக்கையை அவ்வாறு வாங்க இயலாது.