கணிதத்தில் உரிமை கோரல்

1661 முதல் 1722 வரை சீனத்தை ஆண்ட காங்சி பேரரசர், இயேசு சபைத் துறவிகளிடம் அட்சரகணிதம் பயின்றார். அக்கலையின் மேனாட்டுப் பெயருக்குக் 'கிழக்கிலிருந்து வந்த முறை' என்பதே பொருள் எனவும் அவர் கூறினார். மேலைத்தேயத்தார் கற்பிப்பது பண்டைச் சீனரிடமிருந்து சென்றதே என்னும் கொள்கைக்கு அக்கூற்று அரணாயிற்று. உண்மையில் அப்பெயர் 'அல்-ஜப்ர்' என்னும் அறபுச் சொல்லின் திரிபு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலே அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்தது. அரசர் கூறியது பிழை.

ஆயினும் அப்பிழையைத் தொடர்ந்து ஒரு நற்பயன் விளைந்தது. மெய் ஜூசெங் என்னும் அறிஞர், புதிதாகக் கற்ற அம்முறையைத் துணைக்கொண்டு பழைய சீன ஏடுகளைப் புரட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் லீ யெ கையாண்டதும், பின்னையோர்க்கு விளங்காது போனதுமான சமன்பாட்டு முறை அவருக்குத் தெளிவாயிற்று. அயலார் கலையே தம்மவர் ஏட்டுக்குத் திறவுகோலாயிற்று எனலாம். இரண்டும் ஒத்திருந்தமையால் ஒன்று மற்றதினின்று சென்றதென அவர் துணிந்தது வேறு. ஒப்புமை, கடன்கொண்டமைக்குச் சான்றாகாது.

அங்ஙனமாயின், மெய்யறிவுக்கு வழிகோலிய பொய்ப் பெருமிதத்தைப் பொறுத்துக்கொள்ளலாமா?

இவ்வினா கல்முனைக் கரையோரத்துக்குப் புறம்பானதன்று. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் மாணவன் இரு பெருமிதங்களுக்கிடையே வளர்கிறான். சமயத்தால் அல்-குவாரிஸ்மியும், மொழியால் 'கணக்கதிகார'மும் அவனுக்கு 'எம்மவை'. அல்-குவாரிஸ்மியோ இந்தியரின் எண்முறையைப் பற்றியும் ஒரு நூல் செய்தவர். அதனைத் தம் இனத்தின் ஆக்கமென அவர் உரிமை கோரவில்லை. அறபிகள் தம் இலக்கங்களை 'இந்திய இலக்கங்கள்' என்பர். ஏனையோரோ தாம் எழுதுவதை 'அறபு இலக்கம்' என்பர்!

அவர் பெயரை மேடையில் முழங்குவோருள் எத்தனை பேர் அந்நூலைப் புரட்டியிருப்பர்? அதன் ஏறத்தாழ அரைப்பங்கு மரணசாசனமும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகளே. மனைவியையும் இரு புதல்வரையும் ஒரு புதல்வியையும் விட்டு ஒருவர் இறப்பின், மனைவிக்கு எட்டிலொன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. சொத்தை 40 கூறாக்கினால் மனைவிக்கு 5, புதல்விக்கு 7, புதல்வர் ஒவ்வொருவருக்கும் 14. இக்கணக்கு இக்கரையில் இன்றும் வீடுதோறும் எழுவது.

மெய் ஜூசெங்கின் பயன் பிழையினின்று விளைந்ததாகக் கொள்ளுதல் தகாது. ஏட்டைத் திறந்து கணக்கைச் செய்து பார்த்ததாலேயே அது கிட்டியது. அவ்வுழைப்புக்குப் பொய்த் தூண்டுதல் இன்றியமையாததுமன்று. கல்முனையில் அக்கணக்கைச் செய்ய அமர்பவன் உடனே வேறொன்றைக் காண்பான். குடியிருக்கும் வீடு பெரும்பாலும் திருமணத்தின்போதே புதல்விக்குச் சீதனமாகச் சென்றுவிட்டது. அந்த 40 கூற்றில் அது சேராது. அவ்வழக்கம் பக்தாதிலிருந்து வந்ததன்று. அயலூர்த் தமிழரோடு இம்மக்கள் தலைமுறைகளாகப் பகிர்ந்துகொண்டது. வயலுக்கு அல்-குவாரிஸ்மியின் கணக்கும், வீட்டுக்குத் தாய்வழி வழக்கமுமாக ஒரே குடும்பத்தின் சொத்துப் பிரிகின்றது.