தாங்கலா, தொட்டியா?



மழை பெய்து குளம் பெருகும் நாட்களில் வயல் வரப்பிலே பாலாமைக் குஞ்சு ஊர்ந்து வருவதுண்டு. உள்ளங்கையில் அடங்கும் உயிர். கண்டெடுத்த பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டு வருகிறது. “வெளியே விட்டால் காக்கா கொத்திப் போடும், இங்கேயே கிடக்கட்டும்” என்று பெரியவர்களும் மீன்தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். ஆடு, கோழி பலியை விலக்கச் சொன்ன அய்யாவின் மக்களாகிய நாம் ஓர் உயிரைக் காத்தோம் என்றே நினைக்கிறோம். எளியதைத் தாங்குவது தர்மம் என்பதில் நமக்குள் வழக்கில்லை. ஆனால் தாங்குதல் என்று எதைச் சொல்கிறோம்?

பாலாமை சேற்றில் புதைந்து வாழும் பிராணி. கோடையில் குளம் வற்றினால் மண்ணுக்குள் இறங்கி அசையாமல் கிடந்து, மழை வந்ததும் எழும்பும். தவளை, நத்தை, செத்த மீன், நீர்ச்செடி எல்லாம் தின்னும். குளம் நாறாமல் இருப்பதில் அதற்கும் பங்குண்டு. தொட்டியிலோ சேறு இல்லை, நேர் வெயில் இல்லை. வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் எலும்பும் ஓடும் உரம் பெறாது. சைவம் பேணும் வீடானால் சோறும் கீரையுமே அதற்குக் கிடைக்கும். விரதம் நாம் எடுத்தது, அது எடுக்கவில்லையே! நம்முடைய நேமத்தை வாயில்லாச் சீவனின் வயிற்றில் ஏற்றுவது என்ன நியாயம்?

காக்கா கொத்தும் என்பது மெய்தான். குஞ்சுகளில் பல அப்படிப் போகும். காக்கைக்கும் படியளக்கிறவர் அய்யாதானே. தப்பிப் பிழைப்பது அந்தக் குளக்கரையிலேயே முட்டையிடும். தொட்டியில் தனித்துப் பிழைப்பதற்கு இணையும் இல்லை, வம்சமும் இல்லை.

நம் நிழல் தாங்கலை எண்ணிப் பாருங்கள். வந்தவருக்கு நிழலும் அன்னமும் கொடுக்கிறோம். உண்டவரை உள்ளே வைத்துக் கதவடைப்பதில்லை. திருவிதாங்கூர் அரசு அய்யாவைச் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தது. அங்கே வேளாவேளைக்குப் பாலும் பழமும் கொடுத்திருந்தால் அதைத் தாங்கல் என்று சொல்லியிருப்போமா? அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை அய்யா தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். தம் கைக்குள் அடக்கி வைக்கவில்லை.

பிரியம் பொய் என்று சொல்லவில்லை. பிள்ளையின் பிரியம் மெய்யானதே. ஆனால் தினமும் பார்க்க வேண்டும் என்பது நம் ஆசை. ஆமையின் தேவை வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணும்போதுதான் தர்மத்தின் பெயரில் சிறை எழும்புகிறது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் பாலாமை உள்ளது. வீட்டில் வைத்திருப்பது குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. இன்று எடுத்த குஞ்சானால் இன்றைக்கே எடுத்த இடத்துக் கரையில் விட்டுவிடுங்கள். பல மாதம் வளர்ந்ததையும் அடிபட்டதையும் தாமாகக் குளத்தில் விடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். கடையில் விற்கும் செங்காது ஆமை அயல்நாட்டுப் பிராணி. அதை எந்தக் குளத்திலும் விடலாகாது, நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

பிள்ளை அழும். அழட்டும், திட்ட வேண்டாம். குளக்கரைக்குக் கூடவே கூட்டிப் போய், அதன் கையாலேயே விடச் சொல்லுங்கள்.

அய்யா உண்டு.