காத்திருப்போர் இருவர்

பூமிக்கடியில் கிடக்கும் எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு அரசாங்கங்கள் வழக்காடுகின்றபொழுது, அவ்வழக்கு முடியும்வரை காத்துக்கிடப்போர் இருவகையினர். ஒரு வகையினர் அவ்வெண்ணெயில் பணம் போட்டவர்கள். மற்றொரு வகையினர் அவ்வெண்ணெயின் வருமானத்தைக் கொண்டு அடுப்பெரிப்பவர்கள். முன்னவருடைய காத்திருத்தலுக்கு 'முதலீட்டாளர் நம்பிக்கை' என்று பத்திரிகைகள் பெயர் சூட்டி, அது நேற்று இறங்கிற்று, இன்று ஏறிற்று என்று நாடி பிடித்துச் சொல்லி வருகின்றன. பின்னவருடைய காத்திருத்தலுக்கோ இதுவரை எவரும் பெயரிடவில்லை. பெயர் இல்லாததனாலேயே அதற்கு விலையும் இல்லை போலும்! இவ்விரண்டும் நியாயத்தின் தராசில் ஒரே எடை உடையனவா, அல்லவா என்பதே நாம் ஈண்டு ஆராயப்புகும் விஷயமாகும்.

முதலில் உலகறிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இராக் தேசத்தின் வடபாகத்தில் குர்து மக்கள் வாழும் குர்திஸ்தான் பிரதேசத்திற்குத் தனியாட்சி உண்டு. அங்கு எடுக்கப்படும் எண்ணெய் குழாய் வழியே துருக்கி நாட்டின் ஜெய்ஹான் துறைமுகம் சென்று கப்பலேறி வந்தது. எண்ணெயும் வாயுவும் இராக் மக்கள் அனைவருக்கும் சொந்தம் என்று 2005-ம் வருஷத்து இராக் அரசியல் சட்டம் அழகாகச் சொல்லுகின்றது. ஆனால் அடுத்த பிரிவில், மத்திய சர்க்காரின் நிர்வாகம் 'இப்போதுள்ள' எண்ணெய் வயல்களுக்கு என்று ஒரு சொல்லைப் போட்டு வைத்திருக்கின்றது. அப்படியானால் புதிய வயல்கள் யாருடைய பொறுப்பு? எங்களுடையது என்றது குர்திஸ்தான். எல்லாம் எம்முடையதே என்றது பாக்தாத். சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது நம் பழமொழி. இங்கே பூசாரிகள் இருவர்!

2022-ம் வருஷம் பிப்ரவரியில் இராக்கின் கூட்டரசு உச்ச நீதிமன்றம், குர்திஸ்தானின் எண்ணெய்ச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் செய்தது. அதற்கடுத்த வருஷம், பாக்தாத்தின் சம்மதமின்றி 2014 முதல் 2018 வரை அவ்வெண்ணெய் வெளியேற இடங்கொடுத்ததற்காகத் துருக்கி சுமார் 150 கோடி டாலர் நஷ்டஈடு தரவேண்டுமென்று பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தக சபையின் மத்தியஸ்த மன்றம் முடிவு கூறிற்று. அதையொட்டி 2023 மார்ச்சு 25-ந் தேதி குழாய் மூடப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் பீப்பாய் ஓடிய குழாய் அது. மீண்டும் அதில் எண்ணெய் ஓடியது 2025 செப்டம்பர் 27-ந் தேதி. இடைப்பட்ட காலம் இரண்டரை வருஷம்.

இவ்விரண்டரை வருஷத்தையும் இருவகையினரும் எவ்வாறு கழித்தனர் என்று பார்ப்போம். லண்டனிலும் ஆஸ்லோவிலும் பங்குகள் விலைபோகும் கம்பெனிகள் அங்கே எண்ணெய் எடுக்கின்றன. குழாய் அடைபட்டதும் அவை குறைந்த விலைக்கு உள்ளூரிலேயே எண்ணெயை விற்றன. பழைய பாக்கிக்கும் வருங்கால வருமானத்துக்கும் உறுதி கேட்டுச் சங்கமாக நின்று பேரம் பேசின. 2025 பிப்ரவரியில் இராக் பாராளுமன்றம் வரவு செலவுச் சட்டத்தைத் திருத்தி, உண்மையான செலவு கணக்கிடப்படும்வரை பீப்பாய் ஒன்றுக்கு 16 டாலர் முன்பணம் என்று எழுதிற்று. வழக்குத் தீரவில்லை, எனினும் கம்பெனிகளின் பொருட்டு ஓர் இடைக்கால ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

அதே வருஷம் மே மாதத்தில் பாக்தாத்தின் நிதி அமைச்சு, குர்திஸ்தான் அரசாங்க ஊழியரின் சம்பளத்துக்கு அனுப்பும் பணத்தை நிறுத்திவிட்டது. குர்திஸ்தான் தன் பங்கிற்கு மேல் வாங்கிவிட்டது என்றது ஒரு பக்கம். இது மக்களைப் பட்டினி போட்டு அடிபணிய வைக்கும் தந்திரம் என்றது மறுபக்கம். எப்பக்கம் மெய்யென்று தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் பள்ளிக்கூட உபாத்தியாயர்களும், ஆஸ்பத்திரித் தாதிகளும், வயது சென்ற ஓய்வூதியக்காரர்களும் இந்த வழக்கில் வாதிகளுமல்லர், பிரதிவாதிகளுமல்லர். அவர்களுடைய சம்பளம் எவ்வாறு வழக்கின் பிணைப்பொருளாயிற்று? கம்பெனியின் செலவுக்கு இடைக்கால ஏற்பாடு செய்யத் தெரிந்த அரசியல் ஞானம், உபாத்தியாயரின் சம்பளத்திற்கு அவ்வாறு செய்ய ஏன் அறியாது போயிற்று?

நிற்க. இஃது எங்கோ தூரதேசத்துக் கதை என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. நாம் வாழும் மலேசியாவிலேயே இவ்வழக்கின் உடன்பிறப்புக்கள் இருக்கின்றன. 1974-ம் வருஷத்துப் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தின்படி நாட்டின் எண்ணெய், வாயு முழுவதும் பெட்ரோனாஸ் கம்பெனியின் உடைமையாயின. மாநிலங்களுக்கு நூற்றுக்கு 5 வீதம் கொடுப்பதென்று ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. திரெங்கானு மாநிலமும் இவ்விதமே இருபது வருஷத்திற்கு மேலாகப் பெற்றுவந்தது. 1999-ம் வருஷம் நவம்பரில் அம்மாநில மக்கள் எதிர்க்கட்சியாகிய பாஸ் கட்சியை ஆட்சியில் அமர்த்தினர். 2000-ம் வருஷம் செப்டம்பரில் அப்பணம் நின்றது. கிணறுகள் மாநிலத்தின் கடலெல்லைக்கு அப்பால் இருப்பதால் மாநிலத்துக்கு அதில் உரிமையில்லை என்று காரணம் கூறப்பட்டது. அதே கடல், அதே கிணறு, மாறியது ஆட்சி ஒன்றுதான். அதற்குப் பதிலாகக் கூட்டரசு தன் இலாகாக்களின் வழியே செலவிட்ட பணத்துக்கு 'வாங் இஹ்சான்', அதாவது கருணைப் பணம், என்று பெயர் வைக்கப்பட்டது.

இப்பெயர் மாற்றத்தைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். உரிமை என்றால் வாங்குகின்றவன் நிமிர்ந்து நின்று கணக்குக் கேட்கலாம். கருணை என்றால் கைகட்டி நின்று நன்றி கூறவேண்டும். தொகை ஒன்றாகவே இருந்தாலும் மனிதன் ஒன்றாக இருப்பதில்லை. பிறருடைய நியாயமான பாகத்தைப் பறித்துக்கொண்டு, அதில் ஒரு பிடியைப் பிச்சையாகத் திருப்பிக் கொடுத்துப் புண்ணியம் தேடும் வழக்கத்தை நம் சமூகத்தில் எத்தனையோ ரூபங்களில் கண்டிருக்கின்றோம். அரசாங்கம் செய்வதனால் அது வேறு குணம் பெற்றுவிடாது.

சரவாக்கின் வழக்கு இன்னும் புதிது. அங்கு மிரி நகரத்தில் 1910-ம் வருஷத்திலேயே எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. 1963-ல் மலேசியா அமைந்தபொழுது தனக்கிருந்த உரிமைகள் 1974-ம் வருஷத்துச் சட்டத்தால் அழிந்துவிடவில்லை என்பது அம்மாநிலத்தின் வாதம். 2019 ஜனவரி முதல் பெட்ரோலியப் பொருள்களின்மீது நூற்றுக்கு 5 வீதம் விற்பனை வரி போட்டது. 2020 மார்ச்சில் கூச்சிங் உயர்நீதிமன்றம் அவ்வரி செல்லுமென்று தீர்ப்பளிக்க, அவ்வருஷத்திலேயே பெட்ரோனாஸ் ஏறத்தாழ 300 கோடி வெள்ளி கொடுத்தது. 2024-ல் வாயு விநியோகத்திற்குத் தன் சொந்தக் கம்பெனியாகிய பெட்ரோஸைத் தனிப்பொறுப்பாளராக்கியது, தகராறு முற்றிற்று. 2025 மே 21-ந் தேதி பிரதமரும் சரவாக்கின் முதல்வரும் கூட்டறிக்கை வெளியிட்டனர். இக்காலத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி சரவாக்கின் ஆழ்கடல் திட்டம் ஒன்றிலிருந்து விலகிக்கொண்டது. விலகியதன் காரணம் எதுவாயினும் ஆகுக. அதனால் விலக முடிந்தது என்பதையே நாம் கவனிக்க வேண்டும். மிரியில் குழாய் பொருத்தும் தொழிலாளி எந்தக் கடலுக்கு விலகிப்போவான்?

இங்கே சிலர் ஒரு கேள்வி கேட்கலாம். "முதலீட்டாளன் பணம் போடாவிட்டால் எண்ணெய் பூமிக்கடியில்தானே கிடக்கும்? அவன் நம்பிக்கை குலைந்தால் தொழிலாளிக்கு வேலை ஏது? மேலும் முதலீட்டாளன் என்பவன் தொப்பை பெருத்த முதலாளி ஒருவன்தானா? நம் தோட்டத்துத் தொழிலாளியின் ஊழியர் சேமநிதியுங்கூடப் பங்குகளில்தானே போடப்பட்டிருக்கின்றது?" என்பர். நியாயமான கேள்விகளே. ஒப்பந்தம் செய்தவனுக்கு ஒப்பந்தப்படி கொடுக்கத்தான் வேண்டும். பணத்தைத் துணிந்து போட்டவனுக்கு லாபத்தில் பாகம் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. சேமநிதியின் மூலம் பால் மரம் வெட்டுகின்றவனும் ஒரு சிறு முதலீட்டாளனே என்பதும் உண்மை. பினாங்கில் எண்ணெய்க் கிணறு இல்லை. ஆயினும் பெட்ரோனாஸ் கூட்டரசுக்குக் கொடுக்கும் லாபத்தில் நம் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாகமுண்டு என்பதால், நாமும் இவ்வழக்கிற்கு வெளியே நிற்பவர்கள் அல்லர்.

ஆகவே நம் வித்தியாசம் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ளதன்று. நம்பிக்கைக்கும் நம்பிக்கைக்கும் இடையே உள்ளது. முதலீட்டாளனுடைய நம்பிக்கையைப் பத்து இடத்தில் பிரித்து வைக்கலாம். ஒன்று பொய்த்தால் ஒன்று காக்கும். அதை இன்னொருவனுக்கு விற்றுவிடலாம். காத்திருந்த காலத்துக்கு வட்டியும் கேட்கலாம். மாதச் சம்பளக்காரனுடைய நம்பிக்கையோ ஒரே இடத்தில் கட்டிக்கிடக்கின்றது. அதை வாங்குவோர் இல்லை. அதற்கு வட்டியும் இல்லை. தோட்டத்துக் கணக்கு எழுதுகின்றவனுக்கு இது நன்கு விளங்கும். கம்பெனிப் பேரேட்டில் நஷ்டத்தை 'அடுத்த வருஷத்துக்கு எடுத்துச்செல்லப்பட்டது' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். செக்ரோலில் பெயர் விழாத நாளின் பசியை அடுத்த வருஷத்துக்கு எடுத்துச்செல்ல எந்தப் பேரேட்டிலும் இடமில்லை.

இதற்கு நம் முன்னோர் கண்ட சாட்சியமும் உண்டு. 1922 நவம்பர் முதல் 1928 வரை, ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரால் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. டச்சுக்காரர் தம் ஆட்சியிலிருந்த தீவுகளில் அதை ஏற்க மறுத்தனர். 1925-ல் விலை ராத்தலுக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் ஏறிற்று. பங்குதாரரின் நம்பிக்கையும் வானளாவிற்று. பின்னர் விலை சரிந்து 1932-ல் 2 பென்சுக்கும் கீழே போயிற்று. நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த கூலி 1930-லேயே 40, 32 என்று வெட்டப்பட்டது. பிறகு மேலும் குறைந்தது. லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934-ல் அரசாங்கங்கள் புதிய சர்வதேச ஒப்பந்தம் செய்து விலையைத் தூக்கி நிறுத்தியபொழுது, பங்கின் விலை முன்னால் ஓடிற்று. கூலி பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்களுக்கு இந்த நொண்டலும் ஒரு காரணம். லண்டனுக்கும் ஹேகுக்கும் இருந்த பிணக்கில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு நஷ்டம் ஏட்டில் வந்தது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு அது வீட்டில் வந்தது.

அவ்வாறாயின் செய்யவேண்டியது யாது? யாருக்குச் சொந்தம் என்பதை நீதிமன்றங்கள் தீர்க்கட்டும். ஆனால் அதுவரை யார் காத்திருப்பது என்பது மனச்சாட்சி தீர்க்கவேண்டிய கேள்வி. முதலாவது, எவ்வளவு பெரிய உரிமை வழக்காயினும் சம்பளமும் ஓய்வூதியமும் அதில் பிணைப்பொருளாக வைக்கப்படலாகாது. இரண்டாவது, வழக்கிலுள்ள பணத்தை இருவருக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்து, அதன் கணக்கை மக்களறிய வெளியிடவேண்டும். மூன்றாவது, உரிமையாக இருந்ததைத் தீர்ப்பு வருமுன் கருணையாகப் பெயர் மாற்றலாகாது. முதலீட்டாளனுக்கு உரியது இவற்றிற்குப் பின்னர் வருக. ஒரு காசும் குறையாமல் வருக.

இஃது ஆகாயத்தில் கட்டிய கோட்டை அன்று. தீபகற்ப மலேசியாவின் 1955-ம் வருஷத்து வேலைச் சட்டம், தொழில் நடந்த இடமே கடனுக்காக ஏலம் போகும்பொழுது, அதிற் கிடைத்த பணத்திலிருந்து தொழிலாளரின் நான்கு மாதம்வரையிலான சம்பளப் பாக்கியை அடமானக்காரனுக்கும் முன்னதாகக் கொடுக்கச் சொல்லுகின்றது. ஒரு தோட்டம் நொடித்தால் கூலி முந்தும், கடன் பிந்தும் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கின்றது. அரசாங்கங்கள் சண்டையிடும்பொழுது மட்டும் இம்முறை தலைகீழாவானேன்? ஒரு தோட்டத்து முதலாளியிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை ஒரு தேசத்தின் நிதி மந்திரியிடம் எதிர்பார்க்கலாகாதா?

குழாய்கள் திறக்கும், மூடும், மறுபடியும் திறக்கும். அரசாங்கங்கள் ஒன்றையொன்று நம்பாதபோதும், பணம் போட்டவனின் நம்பிக்கையைக் காப்பாற்ற இருவருமே ஓடி வருகின்றனர், அவன் போய்விடுவானே என்னும் அச்சத்தால். போக்கிடம் இல்லாதவன் எங்கும் போகமாட்டான் என்னும் தைரியத்தால் அவனை மறந்துவிடுகின்றனர். போகக்கூடியவனுக்கு மரியாதையும் போகமுடியாதவனுக்குப் பட்டினியும் என்பது வியாபார புத்தியாக இருக்கலாம். அதை நியாயம் என்று மட்டும் அழைக்கவேண்டாம்.