செருப்பைக் கழற்றலாமா?

மைசூர் அரண்மனையைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டும். செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அழகான தரை, லட்சக்கணக்கான கால்கள்... நியாயம்தான்.

புதுக்கோட்டை அரண்மனைக்கு டிக்கெட் கிடையாது. கையில் ஒரு மனு இருந்தால் போதும். ஏனென்றால், தொண்டைமான் மன்னர்களின் புதிய அரண்மனைதான் இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ்!

ஒரு திங்கட்கிழமை அங்கே போயிருந்தேன். மனு நாள். மரத்தடியெல்லாம் கூட்டம். கசங்கிய மஞ்சள் பையோடு வந்த ஒரு பாட்டி, படியேறும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ஏன் ஆத்தா, போட்டுக்கிட்டே போகலாமே?"

"ராசா இருந்த எடமாச்சே தம்பி!"

"சரி, என்ன மனு?"

"பட்டாவுல பேரு மாத்தணும்."

அந்த ராஜாவின் கதை தெரியுமா? ஆறு வயதில், 1928-ல் அரியணை ஏறியவர் ராஜகோபாலத் தொண்டைமான். 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அவருக்கு வயது 25. வாழ்க்கையைத் தொடங்கும் வயதில் ராஜ்ஜியம் முடிந்துவிட்டது. 1971-ல் மன்னர் மானியமும் நின்றது. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அரண்மனை, அலுவலகமானது. 1997 வரை வாழ்ந்த அவர், தன் வீட்டு வாசலில் ஜனங்கள் மனுவோடு நிற்கும் காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ராஜா இறங்கிவிட்டார். நாம்?

ராஜா கொடுத்தால் அது கருணை. கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. கலெக்டர் ஆபீஸில் நாம் கேட்பது கருணை அல்ல, உரிமை. ஆனாலும் மனுவில் 'பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று எழுதினால்தான் நமக்குத் திருப்தி. பாட்டியைச் சொல்வானேன்? அதிகாரியின் அறைக்குள் நுழையும்போது என் முதுகும்தான் தானாக வளைகிறது. நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறேன்.

மரியாதை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் மரியாதை என்பது இரண்டு பக்கமும் போய்வருகிற பாதை. ஒரு பக்கம் மட்டுமே போனால் அதற்குப் பேர் பயம்.

கட்டடத்தின் பட்டாவில் பெயர் மாறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. மனசுக்குள் இருக்கிற பட்டா மட்டும் இன்னும் ராஜா பெயரிலேயே இருக்கிறது. அதை மாற்ற எந்த ஆபீஸிலும் மனு கொடுக்க முடியாது.

நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆத்தா... செருப்பைப் போட்டுக்கிட்டே உள்ளே போங்க. வெயில் சுடுது!