நட்டம் யார் தலையில்?

மெர்போக்கிலும் செமலிங்கிலும் பீடோங்கிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தால், மழையைப் பற்றியோ பக்கத்துக் கடையைப் பற்றியோ பேச்சு வருவது குறைவு. அமெரிக்கா இப்படிச் செய்துவிட்டது, சீனா அப்படிச் செய்துவிட்டது என்றே பதில் வருகிறது. இதை நாம் கேலிக்காகச் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு கேள்வி ஒளிந்து நிற்கிறது. எங்கோ தொலைவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவினால் நட்டம் வந்து சேரும்போது, அதை அப்படியே தமக்குக் கீழே உள்ளவன் தலையில் இறக்கிவிட்டு, "நான் என்ன செய்வேன், உலகம் அப்படி" என்று சொல்லிக்கொள்ள வியாபாரிக்கு நியாயம் உண்டா?

நம் ஊர்களின் விதி நம் ஊர்களிலேயே எழுதப்பட்ட காலம் குறைவு என்பதை மெர்போக் ஆற்றங்கரையே சொல்லும். பெங்காலான் பூஜாங்கில் மண்ணைத் தோண்டியபோது சீனத்துப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தன. அக்காலத்தில் அத்தனை திசைச் சரக்கும் வந்திறங்கிய துறை அது. 1025ல் இராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. பினாங்கை 1786ல் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்த கெடா சுல்தான், சயாம் படையெடுத்தால் உதவி வரும் என்று நம்பியிருந்தார். 1821ல் சயாம் வந்தது. கும்பெனியின் உதவி வரவில்லை. 1909ல் லண்டனும் பாங்காக்கும் செய்துகொண்ட உடன்படிக்கையில் கெடா கை மாறியது. சுல்தான் அதில் ஒரு தரப்பினர் அல்லர். 1943ல் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்துக்குத் தூக்கிக் கொடுத்தது. யுத்தம் முடிந்ததும் அது மீண்டும் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. தோட்டங்களின் பெயர்களைக்கூடப் பாருங்கள். பீடோங் பக்கத்தில் பால்மரம் வெட்டிய எத்தனையோ தமிழர்கள் ஹார்வர்ட் என்பது தங்கள் தோட்டத்தின் பெயர் என்று மட்டுமே அறிந்திருந்தார்கள்.

கொடிகள் மாறிய கதை அது. வியாபாரிக்கு நெருக்கமானது விலையின் கதை.

1949ல் ஒரு ராத்தல் ரப்பர் 40 காசு அளவில் விற்றது. 1950 ஜூனில் கொரியாவில் யுத்தம் மூண்டது. வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு ரப்பர் வாங்கிச் சேர்த்தன. 1951 தொடக்கத்தில் ராத்தல் 2 வெள்ளியைத் தாண்டிற்று. கூலி உயர்ந்தது, அரிசியும் துணியும் அதைவிட வேகமாக உயர்ந்தன. பிறகு வாங்கும் வேகம் தணிந்தது. 1953ல் விலை 70 காசுக்கும் கீழே வந்துவிட்டது. கெடாவில் ஒரு மரமும் கூடவில்லை, குறையவுமில்லை; வெட்டுபவரின் கை உழைப்பிலும் மாற்றமில்லை.

இத்தகைய நாட்களில்தான் கடைப்பலகையில் இரண்டு நியாயங்கள் பிறக்கின்றன. விலை ஏறும்போது, பழைய விலைக்கு வாங்கி அடுக்கிய மூட்டையைப் புதிய விலைக்கு விற்பவர், "நாளை நான் புது விலைக்குத்தானே வாங்க வேண்டும்" என்கிறார். விலை இறங்கும்போது அதே மனிதர், "இது பழைய விலைக்கு வாங்கிய சரக்கு, எப்படிக் குறைப்பேன்" என்கிறார். ஏற்றத்துக்கு உலகத்தைக் காட்டுவது, இறக்கத்துக்குக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவது! தனித்தனியே கேட்டால் இரண்டும் நியாயமாகவே தோன்றும். ஒரே வாயிலிருந்து இரண்டும் வந்தால், வாங்குபவன் இரு முறையும் இழக்கிறான். பதுக்கி வைத்து விலை ஏற்றுவதை மார்க்கம் தடுத்திருப்பதும், இடுக்கண்ணில் உள்ள கடனாளிக்குத் தவணை தரச் சொல்லியிருப்பதும் நம் வாசகர்கள் அறிந்தவை. பதுக்காமலேயே, எவரையும் ஏமாற்றாமலேயே நடக்கும் இந்தக் காரியத்தைப் பற்றித்தான் நாம் போதிய அளவு யோசிக்கவில்லை.

வல்லரசு செய்வதும் இதையேதான், அளவு மட்டும் பெரிது. 1942ல் மலாயா ஜப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அநேகமாக நின்றுபோயிற்று. அந்நாட்டுச் சர்க்கார் தன் பணத்தைப் போட்டுச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. 1945ல் ஆண்டுக்கு 8 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தியாயிற்று. யுத்தத்துக்குப் பின் இயற்கை ரப்பரையும் வாங்கிக் கையிருப்பாகக் குவித்தது. பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. 1959 முதல் அந்தக் கையிருப்பைச் சந்தையில் இறக்கத் தொடங்கியபோது, தேவைக்கு மேல் இருப்பதை விற்கிறோம் என்றது. மலாயா ஆட்சேபித்தது, விற்பனை நிற்கவில்லை. வாங்கும்போது ஒரு நியாயம், விற்கும்போது வேறொரு நியாயம்.

சிறியவர்கள் எல்லோரும் பாவமறியாதவர்கள் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இலங்கையின் கதையைக் கவனிப்போம். 1951 மே மாதத்தில் ஐக்கிய நாட்டு சபை சீனாவுக்கு யுத்த உபயோகப் பொருள்களை விற்கக்கூடாதென்று தீர்மானித்தது. மலாயா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அதன் ரப்பர் சீனாவுக்குப் போவது நின்றது. இலங்கையோ சுதந்திர நாடு. அரிசிப் பஞ்சமும் ரப்பர் விலைச் சரிவும் சேர்ந்து அழுத்தவே, 1952 டிசம்பரில் சீனாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி பெறுவது என்று ஏற்பாடு. ரப்பருக்குச் சந்தையைவிடக் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று, இலங்கை அசையவில்லை. மெச்சத்தக்க துணிவுதான். ஆனால் அதே இலங்கைதான் 1948ல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, தேயிலைக்கும் ரப்பருக்கும் உழைத்த இந்தியத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ல் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு பிரதமர்கள் பங்கு போட்டார்கள், மூட்டையைப் பிரிப்பதுபோல. மேலே உள்ளவன் முன்னால் நிமிர்ந்து நின்ற கை, கீழே உள்ளவனைத் தள்ளத் தயங்கவில்லை.

நம் நாட்டிலும் இப்படி நடந்ததுண்டு. 1967 ஜூனில் நடந்த மத்திய கிழக்கு யுத்தத்தில் சூயஸ் கால்வாய் அடைபட்டது. பிரிட்டனின் கணக்கில் விழுந்த துண்டுக்கு அதுவும் ஒரு காரணம். நவம்பர் 18ல் பவுன் நாணயத்தின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வந்த மலேசியாவின் புதிய வெள்ளி நோட்டு தப்பியது. பவுனோடு கட்டப்பட்டிருந்த பழைய நோட்டு ஒரு வெள்ளிக்கு 85 காசு ஆயிற்று. பழைய நோட்டை யார் வைத்திருந்தார்கள்? பாங்கியில் கணக்கில்லாதவர்கள், டப்பாவில் சேர்த்து வைத்தவர்கள். நவம்பர் 24ல் பினாங்கில் ஹர்த்தால் நடந்தது. அது கலவரமாகி உயிர்ச்சேதம் வரை போயிற்று. சினாயில் தொடங்கிய நட்டம் லயத்து வீட்டின் தகரப்பெட்டியில் வந்து முடிந்தது. பழைய நோட்டை நீட்டுபவனிடம் என்ன சொல்வது என்ற கேள்வி அன்று ஒவ்வொரு கடைக்காரருக்கும் எழுந்திருக்கும். சட்டம் 85 காசு என்றது. அதற்கு மேல் கொடுக்கும்படி யாரையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

விலையின் பின்னால் ஜனங்கள் போகிறார்கள். 1969ல் பிரஜாவுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது தோட்டத் தமிழர் பலர் கப்பலேறினர். பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. லயங்கள் காலியாகி, பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும் பினாங்கின் தொழிற்சாலைகளுக்கும், பின்னர் 1996ல் திறந்த கூலிம் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் போனார்கள். இப்போது வாஷிங்டனும் பெய்ஜிங்கும் சில்லுகளுக்காக மல்லுக்கு நிற்கின்றன. 2025 ஏப்ரலில் மலேசியச் சரக்குக்கு 24 சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தது. ஜூலையில் 25 என்றது. ஆகஸ்டில் 19 என்று அமுலாக்கிற்று. நான்கு மாதத்தில் மூன்று எண்கள்! சில்லுகளை அப்போது விட்டுவைத்தார்கள் என்றாலும், ஓவர்டைம் குறையுமோ என்ற பேச்சு வந்தால் போதும், நம் கடைகளில் பற்று எழுதுவோர் கூடிவிடுவார்கள்.

கடைக்காரரும் நடுவில் நெரிபடுகிறவர்தாம் என்று ஆட்சேபம் வரும். உண்மையே. மொத்த வியாபாரி அவருக்குத் தவணை நீட்டுவதில்லை, வாடகை காத்திருப்பதில்லை. முழு நட்டத்தையும் அவர் ஏற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அப்படி ஏற்றால் கடையே மூடப்பட்டு, அந்தப் பற்றுக்காரன் வேறு எங்கும் கடன் கிடைக்காமல் நிற்பான். நாம் கேட்பது ஒரே தராசு. விலை ஏறும் நாளில் கடையில் உள்ள பழைய சரக்கை எண்ணி எழுதி வைத்துக்கொள்ளலாம். அது தீரும் வரை பழைய விலைக்கு விற்பவர், இறங்கும் நாளிலும் இருப்பு தீரும் வரை பழைய விலையைச் சொல்ல உரிமையுள்ளவர். அன்றன்றைய விலை என்பவர் இறங்கும்போதும் அன்றே இறக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் சரி, அதைப் பலகையில் எழுதித் தொங்கவிடலாம், வாங்குபவனும் படிக்கட்டும்.

பத்து மூட்டை அடுக்கும் சிறு கடைக்கு இது எளிது. ஒரு லாரி சரக்கு இறக்குபவருக்கு எப்படி என்பதை நாம் ஊகித்துச் சொல்லுவது முறையன்று. பினாங்கில் மொத்த வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதியனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம். மெர்போக் கடைக்காரர்கள் அதை ஆவலோடு படிப்பார்கள்.