காப்பவர் இல்லாத திட்டம்

இன்னும் பிறவாத தலைமுறைக்காக ஒரு சமுதாயம் திட்டம் வகுக்கும்போது, வகுத்தவர்கள் மறைந்த பின் அதை நிறைவேற்றும் கடமை யாரைச் சேர்கிறது என்ற கேள்வி, பொருளாதார வல்லுநர்களுக்கு உரியது போலத் தோன்றினாலும், அடிப்படையில் ஓர் அறவியல் கேள்வியே ஆகும். ஏனெனில் வாக்குக் கொடுப்பவர் ஒருவராகவும் அதைக் காப்பாற்ற வேண்டியவர் வேறொருவராகவும் அமையும் விசித்திரமான உடன்படிக்கை அது. ஆப்பிரிக்காவின் மிக வறிய நாடுகளுள் ஒன்றான மலாவி, 'தொலைநோக்கு 2020' என்ற முந்தைய கனவு கைகூடாத நிலையில், 2021 ஜனவரியில் 'மலாவி 2063' என்ற நெடுங்காலத் திட்டத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில், இலுப்பூருக்கு அண்மையில், விராலிமலைப் பகுதியைச் சேர்ந்த குன்னத்தூரில், காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாயனூர்க் கதவணையிலிருந்து காவிரியின் வெள்ள உபரியை முதலில் தெற்கு வெள்ளாற்றுக்கும், பிறகு வைகைக்கும் குண்டாற்றுக்கும் கொண்டு செல்லும் நோக்கமுடைய இத்திட்டமும் ஒரே ஆட்சியின் ஆயுளுக்குள் அடங்குவதன்று.

இத்தகைய திட்டங்கள் தளர்வதற்கு அந்தந்த மக்களின் சமய நம்பிக்கையே காரணம் என்று சொல்லும் வழக்கம் நெடுநாளாக உண்டு. கென்யாவைச் சேர்ந்த இறையியலாளர் ஜான் ம்பிட்டி, ஆப்பிரிக்கச் சமயங்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில், அம்மக்களின் மரபுச் சிந்தனையில் காலம் என்பது நீண்ட இறந்தகாலமும் நிகழ்காலமும் மட்டுமே கொண்டது, தொலைவான எதிர்காலம் அதில் ஏறக்குறைய இல்லை என்று வாதிட்டார். கானா நாட்டு மெய்யியலாளர் குவாமே ஜெச்சே, தம் அகான் மக்களின் மொழியையும் பழமொழிகளையும் சான்றாகக் காட்டி அதை மறுத்தார். இந்தியாவுக்கும் இதே வகைக் குற்றச்சாட்டு உண்டு; நாட்டின் மந்தமான வளர்ச்சிக்குப் பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா ஒரு கிண்டலாகச் சூட்டிய 'இந்து வளர்ச்சி வீதம்' என்ற பெயரை, வினைப்பயனில் நம்பிக்கையுள்ளோர் நாளையைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள் என்பதற்கான விளக்கமாகவே பலர் எடுத்துக்கொண்டனர். திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கியிருப்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏரிகளையும் கண்மாய்களையும் நம்பியே பயிர் செய்துவந்த புதுக்கோட்டை வட்டாரம் இக்குற்றச்சாட்டுக்குத் தக்க மறுப்பைத் தருகிறது. மாவட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட நீர்நிலைகள் உண்டு. பழைய ஏரிகள் பலவற்றின் உள்வாயில் குமிழித் தூம்பு எனப்படும் மடை அமைப்பை இன்றும் காணலாம். நீருக்குள் நிற்கும் இரு கல்தூண்களுக்கு இடையே அமைந்த தொட்டியின் மேற்புறத்தில் நீரோடித் துளையும், அடியில் சேறோடித் துளைகளும் இருக்கும். மேல் துளையைத் திறந்தால் பாசன நீர் பாயும், கீழ்த் துளைகளின் வழியே படிந்த வண்டலும் கலங்கி வெளியேறும். ஏரி தூர்ந்துபோகும் என்பதை ஏரி வெட்டும் நாளிலேயே கணக்கில் கொண்டவர்களை எதிர்காலம் பற்றிய எண்ணமற்றவர்கள் என்று கூறுவது பொருந்தாது.

தூம்பைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கவை அக்காலக் கல்வெட்டுகள். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தொகுத்து வெளியிட்ட கல்வெட்டுப் பாடங்களிலும், தமிழகமெங்கும் கிடைக்கும் பிற சாசனங்களிலும், கொடை 'சந்திராதித்தவல்', அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, நடைபெற வேண்டும் என்று கால எல்லை குறிக்கப்படுகிறது. அதையடுத்து, இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் இருக்கும் என்று கொடையாளி பணிகிறான். அழிப்பவனுக்குக் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்ற எச்சரிக்கையும் பல இடங்களில் தொடர்கிறது. முகம் தெரியாத, இன்னும் பிறவாத ஒருவனின் காலடியில், பொருளும் அதிகாரமும் படைத்த ஒருவன் தன் தலையை வைக்கிறான் என்பதில் வெறும் பணிவைக் காண்பது போதாது. வருங்காலத்துக்கு ஆணையிட எவருக்கும் உரிமையில்லை, வேண்டிக்கொள்ள மட்டுமே இயலும் என்ற தெளிவும், தொடங்கியவனைவிடக் காப்பவனே உயர்ந்தவன் என்ற மதிப்பீடும் அதில் அடங்கியுள்ளன. இலுப்பூரிலிருந்து அதிக தொலைவில்லாத சித்தன்னவாசலில், குடைவரைக் கோயிலை முதலில் குடைந்தவர் யார் என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்கு உரியதாக இருக்க, 9ஆம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரைக் கல்வெட்டு பாதுகாத்து வைத்திருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இதைக் கொண்டு பழைய முறையைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. ஏரியின் நீர் யாருடைய வயலுக்கு முதலில் பாய்ந்தது, கரையில் மண் சுமந்தவர்கள் யார் என்று கேட்டால் வரும் விடை பல ஊர்களில் மகிழ்ச்சி தருவதன்று. குடிமராமத்து, அதாவது ஊரார் கூடித் தங்கள் நீர்நிலையைப் பழுதுபார்க்கும் வழக்கம், சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாகவும் மாறியது. பாவத்தைக் காட்டி அச்சுறுத்துவதற்கும் தண்டனையைக் காட்டி அச்சுறுத்துவதற்கும் வேறுபாடு இருந்தாலும், இரண்டின் சுமையும் பெரும்பாலும் எளியவர்களின் தோள்மீதே இறங்கியது.

ஆயினும் இன்றைய நெடுங்காலத் திட்டங்களில் விடுபட்டுப்போனது அந்தக் காப்பவருக்கு உரிய இடமே. கானாவில் குவாமே நிக்ருமா 1964இல் முன்வைத்த ஏழாண்டுத் திட்டம், 1966 பிப்ரவரியில் அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டதும் கைவிடப்பட்டது. அது ஒரு தலைவரின் திட்டமாக இருந்ததால், அவரோடு அதையும் விலக்குவது புதிய ஆட்சியாளருக்கு எளிதாயிற்று. அதே காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட அகோசோம்போ அணையோ, இயக்கிப் பராமரிக்க ஒரு நிறுவனத்தைப் பெற்றிருந்ததால் இன்றும் மின்சாரம் தருகிறது. தமிழகத்திலும் அடிக்கல்லில் நாட்டியவர் பெயரும் திறப்புவிழாக் கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயரும் பொறிக்கப்படுகின்றன; இருபது ஆண்டுகள் தூர்வாரி மதகைச் சரிசெய்தவருக்கு எந்தக் கல்லிலும் இடமில்லை. எனவே புதிதாகப் பதவியேற்பவர் முன்னவரின் பணியைத் தொடர்வதில் புகழ் காண்பதில்லை. புதிய பெயரில் புதிய திட்டம் அறிவிப்பதே அவருக்கு ஆதாயம்.

மதிப்பை மட்டும் மீட்டால் போதும் என்றும் எண்ண முடியாது. சாசனங்களை எழுதியோர் காப்பவரின் பாதத்தைத் தலையில் ஏற்றதோடு நிற்கவில்லை. ஏரியைப் பேண ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலத்தை ஒதுக்கி, அதன் விளைச்சல் ஆண்டுதோறும் அப்பணிக்கே செல்லுமாறு செய்தனர். உத்தரமேரூர்ச் சபை, நீர்நிலைப் பராமரிப்பை ஏரி வாரியம் என்ற குழுவிடம் ஒப்படைத்து, அதன் உறுப்பினரை ஆண்டுதோறும் குடவோலையால் மாற்றியது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது வந்த பணம் ஆண்டு வரவுசெலவில் ஒதுக்கப்படும் நிதியே. அரசின் விருப்பம் மாறினால் அதுவும் மாறும். மாயனூரிலிருந்து வரவிருக்கும் கால்வாயில் முதல் பருவத்து வண்டல் படியும்போது, அதை அள்ளுவதற்கு எந்த வருவாய் எவரிடம் ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதை இலுப்பூர் வட்டாரத்து உழவர்கள் அடிக்கல் நாட்டிய நாளிலேயே கேட்டிருந்தாலும் அது முறையான கேள்வியாகவே இருந்திருக்கும்.